ஆறு டிரெயின், பத்து வாரம்: ஏஞ்சலினா ஜோலியின் மார்பக அறுவை ஆறிய விதம்

மார்பக நீக்கத்துக்குப் பிறகு தோளையும் கையையும் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவது என் தொழில். பிசியோதெரபி. இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் பெயர் ஏஞ்சலினா ஜோலி. "அந்த ஹாலிவுட் நடிகை நாலே நாளில் எழுந்து வேலை பார்க்க ஆரம்பிச்சுட்டாராமே மேடம், இவளுக்கு ஏன் இன்னும் கை தூக்க வரலை?" என்று கேட்பவர் பெரும்பாலும் நோயாளி இல்லை, கூட வந்த வீட்டுக்காரர். நாலு நாள் கதை பொய்யில்லை. ஆனால் அது எந்த மாதிரியான அறுவை, எப்படிப்பட்ட உடம்பில் நடந்தது என்று பார்க்காமல் அந்த நாலை மட்டும் பிடித்துக்கொண்டால், நம் வீட்டுப் பெண்ணுக்கு ஏதோ கோளாறு என்ற வீண் கவலைதான் மிஞ்சும். அதனால் அவருடைய கேஸையே முழுதாக எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அவரும் அவருடைய மருத்துவரும் வெளிப்படையாக எழுதியிருப்பதால் தேதி தேதியாகப் பின்தொடர முடிகிற கேஸ் இது.

முதலில் பின்னணி. ஜோலியின் அம்மா மார்ஷலின் பெர்ட்ராண்ட் கிட்டத்தட்ட பத்து வருடம் புற்றுநோயோடு போராடி 2007 ஜனவரியில், 56 வயதில் இறந்தார். மகளுக்குப் பரிசோதனை செய்தபோது பிஆர்சிஏ1 மரபணுவில் குறை இருப்பது தெரிந்தது. செல்லுக்குள் டிஎன்ஏ இழை அறுந்துபோனால் அதைச் சரிபார்க்கிற வேலையில் பங்கெடுக்கும் மரபணு இது. அது பழுதானால் சின்னச் சின்னப் பிழைகள் சரியாகாமல் சேர்ந்துகொண்டே போகும், மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு எகிறும். மருத்துவர்கள் அவருக்குச் சொன்ன கணக்கு, மார்பகப் புற்றுநோய்க்கு 87 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய்க்கு 50 சதவீதம். இது அவருக்கென்று போட்ட மதிப்பீடு. 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, இந்த மரபணுக் குறை உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பை 72 சதவீதம் என்று கணித்தது. எப்படிப் பார்த்தாலும் பெரிய எண்தான். அவர் இரண்டு மார்பகங்களையும் நோய் வருவதற்கு முன்பே எடுத்துவிட முடிவு செய்தார். அப்போது வயது 37, வீட்டில் ஆறு பிள்ளைகள்.

இங்கேயே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் புற்றுநோய் இல்லை. இந்தக் கதை முழுக்க இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது, ஆனால் கதையைச் சொல்கிறவர்கள் முதலில் விட்டுவிடுவதும் இதைத்தான்.

பிப்ரவரி 2: யாரும் பேசாத முதல் அறுவை

2013 பிப்ரவரி 2, சனிக்கிழமை. (மூன்று அறுவைகளும் சனிக்கிழமைகளில்தான் நடந்தன, காலண்டரைப் பார்த்தால் தெரியும்.) அன்று நடந்தது மார்பக நீக்கம் இல்லை, அதற்கான தயாரிப்பு. முலைக்காம்பைக் காப்பாற்றுவதற்காகச் செய்கிற ஒரு சிறு அறுவை.

முலைக்காம்புக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது, அடியில் இருக்கும் மார்பகத் திசு வழியாக ஒன்று, சுற்றியிருக்கும் தோல் வழியாக இன்னொன்று. மார்பகத்தை முழுதாக எடுக்கும்போது முதல் வழி மொத்தமாகப் போய்விடும். தோல் வழியாக வரும் ரத்தம் மட்டும் போதவில்லை என்றால் காம்பு கறுத்து, காய்ந்து, கடைசியில் வெட்டி எடுக்க வேண்டிவரும். அதனால் ஒன்றிரண்டு வாரம் முன்பே உள்ளே போய், காம்புக்கு அடியிலுள்ள திசுவிலிருந்து தோலை மட்டும் பிரித்துவிடுகிறார்கள். அடியிலிருந்து வரும் ரத்தம் நின்றுவிட்டதும், சுற்றியுள்ள தோலின் நுண்ணிய நாளங்கள் விரிந்துகொடுத்து அந்தக் குறையை ஈடுகட்டப் பழகிவிடும். அதோடு காம்புக்கு அடியிலிருந்து துளி திசு எடுத்து, அங்கே நோய் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். கொஞ்சம் வலி, ஏகப்பட்ட ரத்தக்கட்டு என்று ஜோலியே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எல்லோருக்கும் இது தேவைப்படாது, எல்லா இடத்திலும் செய்வதும் இல்லை. ஆனால் இந்தக் கேஸ் நன்றாக ஆறியதைப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது. பெரிய அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே தோலைத் தயார்படுத்திக்கொள்ளும் வசதி இருந்தது, ஏனென்றால் கட்டி எதுவும் வளர்ந்துகொண்டிருக்கவில்லை, அவசரம் இல்லை. உடம்பில் கட்டியை வைத்துக்கொண்டு வருகிற பெண்ணுக்கு இப்படி நாள் பார்க்க முடிவது அபூர்வம்.

பிப்ரவரி 16: எட்டு மணி நேரம் வரை போகக்கூடிய அறுவை

இரண்டு வாரம் கழித்து மார்பகத் திசு எடுக்கப்பட்டது. அதே அறுவையில் இரண்டு பக்கமும், தோலை மெல்ல விரிக்கிற பையான எக்ஸ்பாண்டரை வைத்தார்கள். மயக்கம் தெளிந்து எழும்போது, உள்ளே சேரும் நீரை வெளியே எடுக்கும் டிரெயின் குழாய்களும் எக்ஸ்பாண்டர்களும் உடம்பில் இருப்பதைப் பார்ப்பது அறிவியல் புனைகதைக் காட்சி மாதிரி இருக்கும் என்று ஜோலி எழுதினார். அடுத்த வரியிலேயே, ஆனால் அறுவை முடிந்த சில நாட்களில் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாம் என்றும் எழுதினார். உலகம் முழுக்கப் பரவியது இந்த இரண்டாவது வரி.

அவருக்கு அறுவை செய்த டாக்டர் கிறிஸ்டி ஃபங்க் பிறகு எழுதிய குறிப்பில் நாலாம் நாள் வருகிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தாராம். நோயாளி நல்ல உற்சாகத்தில் இருந்தார், அடுத்து இயக்கப்போகிற படத்துக்கான காட்சி வரைபடங்கள் இரண்டு சுவர் முழுக்க ஒட்டப்பட்டிருந்தன. நம்மூரில் "நாலே நாளில் வேலைக்குப் போய்விட்டார்" என்று ஆகிப்போனது இதுதான். அதே பத்தியில் அந்த டாக்டர் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார், அதை யாரும் சொல்வதில்லை. பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் மார்பிலிருந்து ஆறு டிரெயின்கள் தொங்கிக்கொண்டிருந்தன, பக்கத்துக்கு மூன்று, இடுப்பில் கட்டிய எலாஸ்டிக் பட்டையில் மாட்டியபடி.

ஆறு டிரெயின் என்றால் என்ன என்று பழக்கமில்லாதவர்களுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மார்பகம் இருந்த இடம் இப்போது தோலுக்கு அடியில் ஒரு வெற்றிடம். உடம்பு அந்த இடத்தை நிணநீராலும் ரத்தம் கலந்த நீராலும் நிரப்பப் பார்க்கும். அது தேங்கினால் தோல் கீழே ஒட்டாது, கிருமி சேரும், உள்ளே எக்ஸ்பாண்டர் வேறு இருக்கிறது. அதனால் துளைகள் போட்ட மெல்லிய குழாயை உள்ளே வைத்து, வெளி முனையில் கைக்கு அடக்கமான ஒரு ரப்பர் குமிழை மாட்டுவார்கள். குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால், அது விரியப் பார்த்து உள்ளேயிருக்கும் நீரை உறிஞ்சும். காலையும் மாலையும் ஒவ்வொரு குமிழாகத் திறந்து, அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று எழுதி, மறுபடி அமுக்கி மூட வேண்டும். அதற்கு முன் குழாயை நீவிவிட வேண்டும், தோலுக்குப் பக்கத்தில் ஒரு கையால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் மெதுவாகக் குமிழ் வரை இழுத்துக்கொண்டே வந்தால் உள்ளே அடைத்திருக்கும் ரத்தக்கட்டி குமிழுக்குள் விழும். தோல் பக்கம் பிடிக்க மறந்தால் தையல் சுரீர் என்று இழுக்கும், ஒரு தடவை இழுத்தால் அப்புறம் யாரும் மறக்க மாட்டார்கள். நிறம் முதலில் சிவப்பாக இருக்கும், பிறகு வெளிர்சிவப்பாகி, கடைசியில் வெளிறிய மஞ்சளாகும். பெரும்பாலான இடங்களில் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால்தான் அந்த டிரெயினை எடுப்பார்கள். ஒருவருக்கு ஒரு வாரம் ஆகும், இன்னொருவருக்கு மூன்று வாரம்கூட ஆகும். திடீரென்று பளிச் சிவப்பில் குமிழ் வேகமாக நிரம்பினாலோ, வந்துகொண்டிருந்தது சட்டென நின்று தோல் உப்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே போன் போட வேண்டும்.

நம் பெண்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி, உள்பாவாடை நாடாவில் ஊக்கு, ஊக்கில் குமிழ். மல்லாந்துதான் படுக்க முடியும், முதுகுக்கு இரண்டு தலையணை. பக்கத்துக்கு ஒரு குழாய் இருந்தாலே பாத்ரூம் போய்வருவதற்குள் ஒன்று கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும். ஆறு குழாயோடு சுவரில் காட்சி வரைபடம் ஒட்டியது பாராட்டப்பட வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை "வழக்கமான வாழ்க்கை" என்று சொன்னால், அந்தச் சொல்லை நாம் இரண்டு பேரும் ஒரே பொருளில் பயன்படுத்தவில்லை என்றுதான் அர்த்தம்.

நடுவில் இருந்த பத்து வாரம்

பிப்ரவரி 16-க்கும் ஏப்ரல் 27-க்கும் நடுவில் பத்து வாரம். புண் ஆறுதல் என்று நாம் சொல்கிற விஷயத்தில் பெரும்பங்கு நடக்கிற காலம் இது, எழுதப்படுவதோ ரொம்பக் குறைவு.

எக்ஸ்பாண்டர் என்பது காலியாக அல்லது பாதி நிரப்பிய ஒரு சிலிக்கோன் பை. வழக்கமாக மார்புத் தசைக்கு அடியில் வைப்பார்கள், இப்போது தசைக்கு மேலேயே வைப்பதும் பரவலாகி வருகிறது. இந்த முறையை மார்பக மறுசீரமைப்பில் நிலைநிறுத்தியவர் செடோமிர் ராடோவன் என்ற அறுவை மருத்துவர், 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும். வெளியிலிருந்து பார்த்தால் தோலுக்கடியில் எங்கே ஊசி போட வேண்டும் என்று தெரியாது. அதனால் எக்ஸ்பாண்டரின் ஊசி வாயில் ஒரு காந்தம் வைத்திருக்கிறார்கள். நர்ஸ் வெளியே இன்னொரு சின்னக் காந்தத்தை ஆட்டிக் காட்டுவார், அது எங்கே நேராக நிற்கிறதோ அங்கே புள்ளி வைத்து, சுத்தம் செய்து, ஊசி வழியாக சலைன் ஏற்றுவார். ஒரு தடவைக்கு 60 மில்லி, 100 மில்லி என்று வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ நடக்கும். கர்ப்பிணி வயிற்றின் தோல் விரிகிற மாதிரி, மெதுவாக இழுபட்டால் தோல் புதுச் செல்களை உண்டாக்கி வளர்ந்துகொடுக்கும். அவசரப்பட்டு ஏற்றினால் மெலிந்து, நிறம் மாறி, பிளந்துவிடும். ஊசி பெரும்பாலும் வலிக்காது, ஏனென்றால் அந்தத் தோலில் உணர்ச்சி குறைவு. வலி அன்று ராத்திரிதான் வரும், மார்பைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்கின மாதிரி இருக்கிறது என்பார்கள். ஒன்றிரண்டு நாள், ஒரு பாராசிட்டமால், அப்புறம் சரியாகிவிடும். இந்தக் காந்தம் உள்ளே இருக்கும்வரை எம்ஆர்ஐ எடுக்கும் பேச்சு வந்தால் எக்ஸ்பாண்டர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், விமான நிலைய சோதனையிலும் மெஷின் கத்தலாம்.

விமானம் என்றதும் ஞாபகம் வருகிறது. மார்ச் கடைசி வாரத்தில் ஜோலி அப்போதைய பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக்குடன் காங்கோவுக்குப் போனார், போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைச் சந்திக்க. ஏப்ரல் 11-இல் லண்டனில் ஜி8 வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம் நடந்தபோதும் அங்கே இருந்தார். இரண்டுமே பெரிய அறுவைக்கும் கடைசி அறுவைக்கும் நடுவில். அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கு இந்தக் கேஸில் நாலாம் நாளைவிட வியப்பாக இருப்பது இந்த ஆறாம் வாரம்தான். சாதாரணமாக ஆறாம் வாரத்தில் என்னிடம் வருகிறவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலே மாலையில் மார்பு இறுகி, தோள் முன்னால் கூனிப்போய் இருப்பார்கள். வெளியில் பார்க்கிறவர்களுக்குத் தையல் ஆறிவிட்ட மாதிரி தெரியும். ஆனால் மூன்றாம் வாரத்தில் தழும்புக்கு இருக்கும் பலம் பழைய தோலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரை வரும், முழு நூறு எப்போதும் வராது. வெளியே காய்ந்துவிட்டது என்று உள்ளேயும் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வதால்தான் ஆறாம் வாரத்துக்கு முன்பே தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார்கள். ஒரு குடம் பன்னிரண்டு பதினைந்து கிலோ வரும். நாங்கள் ஆறு வாரம் வரை சொல்கிற அளவு நாலு அல்லது ஐந்து கிலோ.

தோள் பயிற்சியிலும் இதே கணக்குதான். முதல் நாளிலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாம் அசைக்கலாம், மூச்சை ஆழமாக இழுத்து விடலாம், தோளைச் சுழற்றலாம். டிரெயின் இருக்கும்வரை முழங்கையைத் தோள் மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது என்று பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள். டிரெயின் எடுத்து, மருத்துவர் சரி என்றதும் சுவரில் விரல் வைத்து ஏறுவது, இரண்டு கையாலும் குச்சி பிடித்துத் தூக்குவது என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். பயந்து கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே இருந்தால் தோள் இறுகிப்போகும், அப்புறம் அதைப் பிரிப்பதுதான் வலி.

ஏப்ரல் 27: மாற்றி வைத்தது

எக்ஸ்பாண்டரை எடுத்துவிட்டு நிரந்தர இம்ப்ளான்டை, அதாவது செயற்கை மார்பகத்தை, வைப்பது மூன்றாவது அறுவை. மார்பக நீக்கத்தைவிட எளிது, பெரும்பாலும் பழைய தழும்பு வழியாகவே உள்ளே போவார்கள், ஆறவும் சீக்கிரம் ஆறும். மூன்று மாத சிகிச்சை அன்றோடு முடிந்தது என்று ஜோலி எழுதினார். மே 14 அன்று நியூயார்க் டைம்ஸில் கட்டுரை வந்தது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 87-இலிருந்து 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது, பிள்ளைகள் பார்த்தால் தெரிவது சின்னத் தழும்புகள்தான், தன் பெண்மையில் எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை என்றெல்லாம் அதில் சொன்னார். மரபணுப் பரிசோதனைக்கு அப்போது அமெரிக்காவில் 3,000 டாலருக்கு மேல் ஆனது, பல பெண்களுக்கு அது எட்டாத தொகை என்பதையும் சொன்னார்.

கட்டுரைக்குப் பிறகு 15 வேலை நாட்களில் அமெரிக்காவில் இந்த மரபணுப் பரிசோதனை 64 சதவீதம் கூடியதாக ஓர் ஆய்வு 2016-இல் சொன்னது. இன்னோர் அமெரிக்கக் கணக்கெடுப்பில் நாலில் மூன்று பேருக்குக் கதை தெரிந்திருந்தது, ஆனால் அவருடைய ஆபத்துக் கணக்கைச் சாதாரணப் பெண்ணின் கணக்கோடு ஒப்பிட்டுச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மார்பகப் புற்றுநோயில் இப்படி வம்சாவழியாக வருவது 5 முதல் 10 சதவீதம் வரைதான். மருத்துவமனை வராண்டாவில் நான் பார்ப்பதும் அதே குழப்பம்தான்.

ஏன் இவ்வளவு சுமுகமாக ஆறியது

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜோலியின் உடம்பு ஏதோ தனி ரகம் என்பதில்லை. ஆறுவதைக் கெடுக்கிற பெரிய காரணங்கள் அவருடைய கேஸில் வரவே இல்லை.

புற்றுநோய் இல்லாததால் கீமோ இல்லை. கீமோ என்றால் வெள்ளணுக்கள் குறையும், புண் ஆறும் வேகம் குறையும், தொற்று வந்தால் பிடித்துக்கொள்ளும். நோய் வராமல் தடுக்கச் செய்கிற அறுவையில் பொதுவாக அக்குளைக் கிளறி நிணநீர் முடிச்சுகளை வாரி எடுப்பதில்லை. அங்கேதான் என் வேலையில் பாதி இருக்கிறது. முடிச்சுகளை எடுத்த பெண்களுக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு கட்டின மாதிரி இழுக்கும், கையைத் தூக்கினால் தோலுக்கடியில் அந்தக் கயிறு கண்ணுக்கே தெரியும். மாதங்கள் கழித்துக் கை வீக்கம் வரலாம், வந்தால் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியது. "மூணு வாரமாகியும் கை தூக்க வரலை" என்று சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் மார்பில் இல்லை, அக்குளில்.

அடுத்தது ரேடியேஷன். இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு மெல்லிய உறை கட்டும், எல்லோருக்கும் கட்டும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் அந்த உறை தடித்துச் சுருங்கி, மார்பு கல் மாதிரி இறுகி, மேலே ஏறிப்போகிற வாய்ப்பு அதிகம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மையங்களில் நடந்த பெரிய ஆய்வில், கதிர்வீச்சும் பெற்று இம்ப்ளான்டும் வைத்தவர்களில் 38.9 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. வயிற்றுத் தசை, கொழுப்பு என்று சொந்தத் திசுவால் செய்தவர்களுக்கு 25.6 சதவீதம். அதனால்தான் ரேடியேஷன் வரப்போகிறது என்று தெரிந்தால் பல மருத்துவர்கள் இம்ப்ளான்டைத் தள்ளிப்போடுகிறார்கள், அல்லது அடிவயிற்றிலிருந்து தோலையும் கொழுப்பையும் ரத்தநாளத்தோடு எடுத்து வைக்கிறார்கள். அந்த அறுவை ஆறுவது வேறு மாதிரி. முதல் இரண்டு நாள் மணிக்கொரு தடவை புது மார்பின் நிறத்தையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ரத்தநாள இணைப்பு அடைத்துக்கொண்டால் உடனே மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும். வயிற்றுத் தையல் இழுப்பதால் சில நாள் குனிந்தேதான் நடக்க வேண்டும், இருமினால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு இரும வேண்டும். ஆனால் அப்படி வைத்தது சொந்த உடம்பு, வருடங்கள் கழித்து மாற்ற வேண்டியதில்லை.

அதே ஆய்வுக் குழு மொத்தம் 2,343 பெண்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்தபோது, 32.9 சதவீதம் பேருக்குச் சிறிதோ பெரிதோ சிக்கல், 19.3 சதவீதம் பேருக்கு அதனால் மறு அறுவை. கைதேர்ந்த மையங்களில், காப்பீட்டோடு வந்த பெண்களுக்கே இந்தக் கணக்கு. (அமெரிக்காவில் 1998-இல் வந்த ஒரு சட்டப்படி, மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு மறுசீரமைப்புக்கும் தந்தாக வேண்டும்.) மூன்றில் ஒருவருக்கு ஏதாவது தடங்கல் வருகிற சிகிச்சை இது என்று முன்பே தெரிந்தால், வந்தபிறகு தன்னையே நொந்துகொள்ள வேண்டியிருக்காது.

இன்னொரு விஷயம் கட்டுரையில் வரிகளுக்கு நடுவில் இருக்கிறது, கூட ஆள் இருந்தது. சிகிச்சை நேரம் முழுக்க பிராட் பிட் பக்கத்தில் இருந்தார் என்று அவர் எழுதியிருக்கிறார். டிரெயின் தொங்கிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டில் இட்லி மாவு அரைக்க வேண்டிய கவலை அவருக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். என்னிடம் வருகிறவர்களுக்கு ஆறாமல் போவதற்குக் காரணம் பல சமயம் அறுவையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. இதில் எனக்குக் கோபம் வருவது பத்தியம் என்ற பெயரில் நடப்பதைப் பார்த்துத்தான். தையல் போட்ட உடம்பு, சீழ் பிடிக்கும் என்று சொல்லி முட்டையை நிறுத்துவார்கள், மீனை நிறுத்துவார்கள், பருப்பைக்கூட நிறுத்தி ரசம் சாதத்தில் ஒரு மாதம் ஓட்டுவார்கள். புது தோல், புது நாளம், தழும்பு எல்லாமே புரதத்தில்தான் கட்டப்படுகின்றன. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்தக் காலத்தில் நாளைக்கு 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். சைவம் என்றால் பால், தயிர், பயறு, சுண்டல், பன்னீர் என்று வேளா வேளைக்குச் சேர்த்தால்தான் அந்த அளவை எட்ட முடியும். அதோடு சுகர் இருந்தால் கட்டுக்குள் இருக்க வேண்டும். சிகரெட் பழக்கம் இருந்தால் பல வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும், நிகோட்டின் நுண்ணிய நாளங்களைச் சுருக்கி மார்பகத் தோலைக் கறுக்க வைக்கும்.

அவர் எழுதாதது

கட்டுரையில் தொடு உணர்ச்சி பற்றி ஒரு வரி இல்லை. குறையாகச் சொல்லவில்லை, ஒரு செய்தித்தாள் கட்டுரையில் எல்லாவற்றையும் எழுத முடியாது. ஆனால் நோயாளிகள் என்னிடம் தனியாகக் கேட்பது இதைத்தான், பெரும்பாலும் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு. மார்பகத் திசுவோடு அதற்குள் ஓடும் உணர்வு நரம்புகளும் போய்விடுகின்றன. முலைக்காம்பைக் காப்பாற்றினாலும் அது பார்வைக்குத்தான் இருக்கும், தொட்டால் பெரும்பாலும் தெரியாது. ஒன்றிரண்டு வருடத்தில் ஓரங்களில் கொஞ்சம் உணர்வு திரும்பலாம். அதனால் வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட் எல்லாம் மார்பில் வைக்கவே கூடாது, சுட்டது தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் இருந்தால் கதவைத் தள்ளும்போது, சப்பாத்தி மாவு பிசையும்போது மார்பு குலுங்கி நகரும். ஆபத்தில்லை, ஆனால் முன்பே சொல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள். சிலருக்கு மார்பிலும் அக்குளிலும் எரிச்சலும் குத்தலும் மாதக்கணக்கில் நீடிக்கும். அது மனப்பிரமை இல்லை, அறுபட்ட நரம்பின் வலி, அதற்குத் தனி மருந்து இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

2015 மார்ச்சில் ஜோலி இரண்டாவது கட்டுரை எழுதினார். மார்பக ஆபத்து தணிந்தாலும் சினைப்பையின் 50 சதவீதம் அப்படியேதான் இருந்தது. ரத்தப் பரிசோதனையில், சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ-125 அளவு சரியாக இருந்தது, ஆனால் அழற்சியைக் காட்டும் சில குறிகள் கூடியிருந்தன. சோதித்ததில் புற்றுநோய் இல்லை, இருந்தாலும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிட்டார். 39 வயதில் மாதவிடாய் நின்றுபோனதையும், ஹார்மோன் பட்டையையும் ஹார்மோன் கருத்தடைச் சாதனத்தையும் பயன்படுத்துவதையும் ஒளிக்காமல் எழுதினார். முதல் கட்டுரையைவிட இந்த இரண்டாவது எனக்கு நேர்மையாகத் தோன்றுகிறது, இதில் சில நாளில் வழக்கமான வாழ்க்கை என்ற வாக்குறுதி கிடையாது.

இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்குக் கடைசியாக ஒரு விஷயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்வது, சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்த ஐந்தாறு வருடத்தில் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்து உள்ளுக்குள் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. கிழிந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது என்பதால்தான் இந்தப் பரிசோதனை. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்டுகளைச் சுற்றி அபூர்வமாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரிந்து, 2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனம் அந்த வகையைத் திரும்பப் பெற்றது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது தருகிற சின்ன இம்ப்ளான்ட் அட்டையைத் தூக்கிப்போடாமல் ஆதார் கார்டோடு வைத்திருங்கள், என்ன வகை, என்ன எண் என்று அதில்தான் இருக்கும். எல்லாம் ஆறி வருடங்கள் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினால், அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் அந்த அட்டையோடு அறுவை மருத்துவரிடம் போங்கள், உள்ளே சேர்ந்த நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.